ஈடும் மீட்பும்

நிலத்தையோ வீட்டையோ பொறுப்பாகக் காட்டிக் கடன் வாங்குவதை ஈடு என்றும் அடமானம் என்றும் சொல்லுகிறோம். நிலத்தையே கடன் கொடுத்தவர் கையில் ஒப்படைத்து, அதன் விளைவை வட்டிக்காக அனுபவிக்க விட்டால், அது போக்கியம், அதுவே ஒற்றி. ஒற்றி என்ற சொல் நம் பழைய கல்வெட்டுகளிலும் காணப்படுவது. தென் மாவட்டங்களில், ஒரு தொகையை முன்னதாகக் கொடுத்து வாடகையின்றி வீட்டில் குடியிருப்பதை இன்றும் 'ஒத்திக்கு இருத்தல்' என்றே மக்கள் வழங்குகின்றனர். பெயர்கள் பலவாயினும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எதிர்பார்ப்பு: கடன் தீர்ந்தால் சொத்து உரியவரிடம் திரும்பிவரும் என்பது. அதற்கே மீட்பு என்று பெயர். அந்த மீட்கும் உரிமை நம் நாட்டில் எவ்வாறு நழுவிற்று, எவ்வாறு மீண்டும் சட்டத்தில் ஏறிற்று என்பதை நேயர்களுக்குச் சொல்வதே என் நோக்கம்.

கடன் கொடுப்போர் அனைவரையும் கொடியவராக எண்ணுதல் தவறு. விதைப்புக்கும் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் கைமாற்று இல்லாமல் எந்த ஊரும் வாழ்ந்ததில்லை. ஆனால் கடன் கொடுப்பவரில் இருவகையினர் உண்டு. ஒருவர் தம் பணம் வட்டியோடு திரும்பவேண்டும் என்று விரும்புபவர். கடன்காரர் செழித்தால்தான் இவருக்கும் நன்மை. மற்றொருவர் பணம் திரும்பக்கூடாது என்றே விரும்புபவர். அவருடைய கண் நிலத்தின்மேல் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் பெறும் நிலத்தை முந்நூறு ரூபாய்க் கடனுக்கு வாங்கிக்கொள்ள அவருக்கு ஒரு தவணை தவறினால் போதும். சட்டம் தடுக்கவேண்டியிருந்தது இந்த இரண்டாமவரையே. இருவரும் எழுதி வாங்கும் பத்திரம் ஒன்றுபோலவே இருந்தமையால், அது எளிதாக இருக்கவில்லை.

வட்டிக்கு வரம்பு வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று. நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் அறத்தோடு பொருந்திய வட்டி என்று கௌடில்யரின் அர்த்தசாத்திரம் வகுத்தது. வணிகருக்கு ஐந்து, காட்டு வழிச் செல்வோருக்குப் பத்து, கடல் வாணிகருக்கு இருபது என ஆபத்தின் அளவுக்கேற்ப அது உயர்த்திக்கொண்டு போகிறது. ஒருங்கே வசூலிக்கும் வட்டி அசலுக்கு மேற்படலாகாது என்ற விதியும் தரும நூல்களில் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரிலும் நீதிமன்றங்கள் இந்த இரட்டிப்பு விதியை ஏற்றுக்கொண்டன. சென்னை மாகாணத்தில் அது ஏற்கப்படவில்லை. இந்த வேறுபாட்டைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கும்பினி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்ற வட்டி வரம்பு இருந்தது. இங்கிலாந்தில் 1854-இல் பழைய வட்டிச் சட்டங்கள் நீக்கப்பட்டதும், மறு ஆண்டே, 1855-இல், இந்தியாவிலும் அவை நீக்கப்பட்டன. இருவர் மனமொப்பிச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் அரசு குறுக்கிடலாகாது என்பது அக்காலப் பொருளாதார அறிஞர் பலரின் கொள்கை. இலண்டன் வணிகர் இருவரிடையே அது பொருந்தியிருக்கலாம். எழுத்தறியாத குடியானவரும், ஊரில் எழுத்தறிந்த ஒரே பணக்காரரும் மனமொப்பினர் என்று சொல்வதில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

அடுத்து 1859-இல் காலவரையறைச் சட்டம் வந்தது. கடன் பத்திரங்களின்மேல் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும் என்று அது விதித்தது. பழைய கடன்கள் தலைமுறை தலைமுறையாகக் குவியாமல் தடுக்க வந்த நல்ல சட்டமே அது. விளைந்ததோ நேர்மாறு. மூன்றாண்டு முடியுமுன் கடன் கொடுத்தவர் குடியானவரை அழைத்து, அதுவரை ஏறிய வட்டியையும் அசலோடு கூட்டிப் புதுப் பத்திரம் எழுதி வாங்கினார். அந்தப் புதுத் தொகை முழுவதும் இப்போது அசலாயிற்று.

இதைச் சிறு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். நூறு ரூபாய்க் கடன். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. மூன்றாம் ஆண்டு முடிவில் புதுப் பத்திரம் 172 ரூபாய்க்கு. ஆறாம் ஆண்டு முடிவில் அது ஏறக்குறைய 296 ரூபாய். ஒன்பதாம் ஆண்டு முடிவில் 509 ரூபாய். தனிவட்டியாகக் கணக்கிட்டிருந்தால் ஒன்பது ஆண்டில் அசலும் வட்டியுமாக 316 ரூபாய்தான். மிச்சம் 193 ரூபாயைக் கடன்காரர் கையால் வாங்கியதே இல்லை. பத்திரம் மட்டும் வாங்கியதாகச் சொல்லும். கூட்டுவட்டிக் கணக்கைப் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் நான். பாடநூல்களில் அக்கணக்குப் பெரும்பாலும் 'ஒருவர் வங்கியில் முதலீடு செய்தார்' என்றே தொடங்கும். கடன் வாங்கியவர் பக்கத்திலிருந்து தொடங்கிய கணக்கை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இந்தக் கணக்கு தக்காணத்தில் தீயாக மூண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரை இந்தியப் பருத்திக்கு நல்ல விலை கிடைத்தது. கடனும் தாராளமாகக் கிடைத்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது, கடன் வாயில் அடைபட்டது, நிலவரியோ உயர்ந்தது. 1875 மே 12-ஆம் நாள் புனே மாவட்டத்துச் சூபா என்ற ஊரில் குடியானவர்கள் லேவாதேவிக்காரர்களின் கடைகளையும் வீடுகளையும் சூழ்ந்துகொண்டனர். கலகம் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவிற்று. அவர்கள் முதன்மையாகத் தேடியது பணப்பெட்டியை அன்று. கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையுமே தேடிப் பிடித்துக் கொளுத்தினர். தம்மை அழித்தது எது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. அதில் ஓர் அரிய கருத்து இருந்தது. பத்திரத்தில் என்ன தொகை எழுதியிருந்தாலும், நீதிபதி அதன் பின்னே சென்று, கொடுக்கல் வாங்கலின் தொடக்கத்திலிருந்து கணக்கை ஆராயலாம். உண்மையில் கைமாறிய பணம் எவ்வளவு என்று கண்டறியலாம். ஆனால் பம்பாய் மாகாணத்தின் சில மாவட்டங்களுக்கென்றே பிறந்த சட்டம் அது. நம் பக்கம் அத்தகைய பாதுகாப்புக்கு இன்னும் அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்னை மாகாணத்தில் சிக்கல் வேறோர் உருவிலும் இருந்தது. அதுதான் நிபந்தனைக் கிரயம். கடன் வாங்குபவர் நிலத்தை விற்றதாகவே பத்திரம் எழுதிக் கொடுப்பார். இன்ன தேதிக்குள் பணத்தைத் திருப்பினால் நிலம் திரும்பும், தவறினால் கிரயம் முற்றுப்பெறும் என்பது நிபந்தனை. தேதி ஒரு நாள் தவறினாலும் நிலம் போயிற்று. வங்காளத்தில் 1806-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டமே இதற்கு ஒரு கடிவாளம் போட்டிருந்தது: ஈடு பெற்றவர் நீதிமன்றத்தின் வழி அறிவிப்புக் கொடுக்கவேண்டும், அதன்பின் ஓராண்டு அவகாசம் உண்டு. சென்னைக்கு அத்தகைய விதி இல்லை. 1858 முதல் சென்னை நீதிமன்றங்கள் தாமாகவே இரக்கத்தோடு கூடிய ஒரு வழியைக் கையாண்டன. கெடு கடந்தாலும், கடனைத் தீர்த்தால் நிலத்தை மீட்கலாம் என்று அவை தீர்ப்பளித்தன.

1870-இல் சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் இதை மறுத்தது. இந்தியாவின் பழைய சட்டம் இத்தகைய மீட்புரிமையை அறியாது. வேறு சட்டமோ நிலைபெற்ற வழக்கமோ இல்லாதவிடத்து ஒப்பந்தம் எழுதியவாறே நிறைவேறவேண்டும் என்பது அதன் தீர்ப்பு. இங்கிலாந்தின் நீதிமன்றங்களோ பல நூற்றாண்டுகளாகத் தம் நாட்டு நிலக்காரர்களுக்கு இந்த உரிமையை வழங்கி வந்தவை. 1875-இல் மற்றொரு சென்னை வழக்கிலும் பிரிவி கவுன்சில் தன் முந்தைய தீர்ப்பே சரி என்றது. ஆயினும், இதற்கிடையே சென்னைத் தீர்ப்புகளை நம்பி மக்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள் குழப்பமடையும் என்பதை உணர்ந்து, சட்டமியற்றித் தீர்க்கவேண்டிய விஷயம் இது என்று குறித்தது.

அச்சட்டம் 1882-இல் வந்த சொத்து மாற்றச் சட்டம். ஈட்டின் வகைகளை அது வரையறுத்தது. நிபந்தனைக் கிரயத்தையும் ஈடுகளுள் ஒன்றாகவே எண்ணிற்று. கடன் தொகை செலுத்தவேண்டிய காலம் வந்தபின், பணத்தைச் செலுத்திச் சொத்தையும் பத்திரங்களையும் திரும்பப் பெறும் உரிமை ஈடு வைத்தவருக்கு உண்டு என்றும், நீதிமன்ற ஆணையாலோ இருதரப்பாரின் செயலாலோ அன்றி அவ்வுரிமை அழியாது என்றும் விதித்தது. ஒருமுறை ஈடானது என்றும் ஈடே என்ற ஆங்கில நீதிநெறி இவ்வாறு நம் நாட்டுச் சட்டமாயிற்று.

உரிமை சட்டத்தில் ஏறிவிட்டது; மீட்கப் பணம் எங்கே? இந்தக் கேள்வியைச் சென்னை அரசு 1892-இல் பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் ஒப்படைத்தது. ஐரோப்பிய நாடுகளின் விவசாய வங்கிகளை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் அவர் அறிக்கை அளித்தார். மாகாணத்தின் கிராமக் கடன் 45 கோடி ரூபாய் என்பது அவர் மதிப்பீடு. ஜெர்மனியில் சிற்றூர்க் குடியானவரை ஒன்றுசேர்த்துக் கடன் சங்கங்கள் அமைத்த ரைபைசனைப் போன்ற ஒருவரை நம்மிடையே கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அவருடைய நீண்ட அறிக்கையின் சாரம். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் கிராமச் சங்கமும் காஞ்சிபுரத்தில் நகரச் சங்கமும் தோன்றின. ஆயினும் சங்கங்கள் கொடுத்தது குறுகிய காலக் கடன். பழைய ஈட்டை மீட்க அது போதாது. அதற்கென நெடுங்காலத் தவணையில் கடன் தர, நாட்டிலேயே முதன்முதலாகச் சென்னையில் 1929-இல் மத்திய நில அடமான வங்கி நிறுவப்பட்டது.

வங்கி பிறந்த ஆண்டே உலகப் பொருளாதார மந்தமும் பிறந்தது. சில ஆண்டுகளில் நெல்லின் விலை ஏறக்குறைய பாதியாயிற்று. கடன் தொகை பத்திரத்தில் எழுதியபடியே நின்றது. அதாவது பத்து மூட்டை நெல்லுக்குச் சமமாக வாங்கிய கடனை இருபது மூட்டை விற்று அடைக்கவேண்டிய நிலை. 1930-இல் வங்கி விசாரணைக் குழு மாகாணத்தின் கிராமக் கடனை 150 கோடி என்று மதிப்பிட்டது. 1935-ஆம் ஆண்டு அறிக்கையில் அது சுமார் 200 கோடி ஆயிற்று.

கடன்பட்டோர் துயரத்தை மட்டும் சொல்லி, கடன் கொடுத்தோராக நாம் இருந்த இடத்தை மறைப்பது வரலாறாகாது. கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடனால் வளர்ந்தது. முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-இல் அவர்கள் வசம் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. 1938-இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து. நிலம் வேண்டி அவர்கள் கடன் கொடுத்தவரல்லர். பணமாகத் திரும்பாத கடன் நிலமாகத் திரும்பிற்று. நிலம் இழந்த பர்மியக் குடியானவருக்கு இந்த வேறுபாடு ஆறுதல் தந்திராது. அங்கு எழுந்த பகைமை பின்னர்த் தமிழர் பலரை வருத்திற்று.

சென்னையில் 1936-இல் கடன் சமரசச் சட்டம் இயற்றப்பட்டது. இருதரப்பாரையும் இணக்குவிப்பதே அதன் வழி. இணங்க மறுப்பவரை அதனால் அதிகம் செய்ய முடியவில்லை. 1937-இல் இராஜாஜி மாகாணப் பிரதம மந்திரியானார். மறு ஆண்டே, 1938-இன் நான்காவது சட்டமாக, விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முற்பட்ட கடன்களுக்கு, 1937 அக்டோபர் முதல் தேதிவரை நிலுவையாயிருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலாகவோ வட்டியாகவோ, அசலின் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் கடனே தீர்ந்தது. புதிய கடனுக்கு ஆண்டுக்கு 6¼ விழுக்காடு தனிவட்டி உச்சவரம்பு.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். 1925-இல் ஐந்நூறு ரூபாய் வாங்கிய ஒருவர் வட்டியாக மட்டும் அறுநூறு ரூபாய் கட்டியிருக்கிறார் என்று கொள்வோம். பழைய முறையில் அசல் ஐந்நூறும் அப்படியே நிற்கும்; நிலுவை வட்டியும் சேரும். புதுச் சட்டப்படி இருமடங்காகிய ஆயிரத்துக்கு இன்னும் குறைவது நானூறு. அசல் பாக்கி ஐந்நூறு. இவ்விரண்டில் குறைந்ததைச் செலுத்தினால் போதும். ஆக, நானூறு ரூபாயோடு கடன் தீர்ந்தது. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன இரட்டிப்பு விதி, சென்னை நீதிமன்றங்கள் ஏற்காத விதி, இவ்வாறு சட்டமன்றத்தின் வாயிலாகத் திரும்பி வந்தது.

இதனினும் முக்கியமானது ஒரு விளக்கக் குறிப்பு. பத்திரம் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டிருந்தாலும், முதன்முதல் கொடுத்த தொகையும், பின்னர் உண்மையாகவே கொடுத்த தொகைகளுமே அசல் என்று அச்சட்டம் சொல்லிற்று. நாம் போட்ட கணக்கில் 509 ரூபாய்ப் பத்திரம் மீண்டும் நூறு ரூபாய்க் கடனாயிற்று என்பது இதன் பொருள். பத்திரத்தின் எழுத்தைவிட்டு நடந்ததைப் பார் என்று சட்டமே நீதிபதிக்குக் கட்டளையிட்டது.

எதிர்ப்பு வலுவாகவே இருந்தது. ஒப்பந்தத்தின் புனிதம் கெட்டது, இனிக் கிராமத்தில் கடன் கிடைக்காது என்று குறைகூறினர். இரண்டாவதில் ஓரளவு உண்மையும் இருந்தது. சட்டம் செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. 1940-இல் அந்நீதிமன்றம், புரோநோட்டின்மேல் பெற்ற தீர்ப்புக் கடனையும் இச்சட்டம் குறைக்கலாம் என்று பெரும்பான்மையோர் கருத்தால் முடிவுசெய்தது. சட்டத்தின் குறை அது தொடாமல் விட்டவர்களிடத்தில்தான் இருந்தது. விற்கத்தக்க நிலவுரிமை உள்ளவரே விவசாயி எனப்பட்டமையால், நிலமற்ற கூலியாளுக்கு நிவாரணம் இல்லை. நகரத்தில் வீட்டை மட்டும் ஈடு வைத்தவருக்கும் இல்லை. மறுபுறம், வேறு சொத்தில்லாத பெண்ணுக்கு வரவேண்டிய சிறு கடனை அது குறைக்காமல் விட்டது. கையிலிருந்த சிறு தொகையை வட்டிக்கு விட்டு வாழ்ந்த கைம்பெண்களும் கடன் கொடுத்தவர்களே என்பதை மறவாமல் செய்த விலக்கு அது. என் மதிப்பில் அச்சட்டத்தின் மிக நுட்பமான பகுதி. வட்டி விகிதம் குறிக்காத போக்கியங்களையும் முதலில் அது தொடவில்லை. 1948-ஆம் ஆண்டுத் திருத்தம், போக்கியக்காரர் முப்பது ஆண்டு அனுபவித்துவிட்டால் கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்படும் என்றது.

ஈடு என்று எழுதினால் சட்டம் குறுக்கே வரும் என்று கண்டவர்கள் வேறு வழியையும் அறிந்திருந்தனர்: முழுக் கிரயமாகவே எழுதி வாங்குவது, திருப்பித் தருவதாகச் சொல்லும் உடன்பாட்டைத் தனித்தாளிலோ வாய்மொழியிலோ வைத்துக்கொள்வது. 1929-இல் சொத்து மாற்றச் சட்டத்தில் சேர்ந்த ஒரு வாசகம் அறிந்தோ அறியாமலோ இதற்குத் துணையாயிற்று. மீட்கும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் எழுதப்பட்டிராவிட்டால் அது ஈடாகக் கருதப்படாது என்பதே அவ்வாசகம். வழக்குகள் குறையவேண்டும் என்பது நோக்கம். நெருக்கடியில் கையெழுத்திடுபவர் எத்தனை தாளில் எது இருக்கிறது என்று பார்ப்பாரா என்பதை எண்ணவில்லை. 1981-இல் உச்ச நீதிமன்றம் ஒரு சிறு கதவைத் திறந்தது. இரண்டாயிரம் ரூபாய்க் கடனுக்காகத் தம் வீட்டைப் பெயருக்கு விற்றதாக எழுதிக் கொடுத்த ஒரு பெண்மணியின் வழக்கு அது. அந்தப் பத்திரம் உண்மைக் கிரயமாகச் செயற்படவேண்டும் என்று எவருமே கருதவில்லை என்பதைக் காட்ட வாய்மொழிச் சான்று அனுமதிக்கப்படும் என்று நீதிமன்றம் கூறியது. வீடு அவருக்கே நின்றது.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தடுக்க 2003-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது; மூன்றாண்டுவரை சிறையும் முப்பதாயிரம் ரூபாய்வரை அபராதமும் அதில் உண்டு. வங்கிக் கடனில் நிலைமை இருமுகமானது. 2002-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், தவணை தவறியவருக்கு அறுபது நாள் அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்காடாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தந்தது; விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு. முன்பு ஏலம் நடக்கும் நாள்வரை பணம் கட்டி மீட்கலாம் என்றிருந்ததை, 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏல அறிவிப்பு வெளியாகும் வரை என்று சுருக்கிவிட்டது. மீட்கும் காலம் நூற்றாண்டுக்கு மேலாக நீண்டுகொண்டே வந்து, இங்கே திரும்பவும் குறுகியதை நான் நல்ல குறியாகக் கொள்ளவில்லை.

ரிசர்வ் வங்கியின் 2023-ஆம் ஆண்டு ஆணை இதற்கு மறுபக்கம். கடன் முழுதும் தீர்ந்தால் முப்பது நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும். வங்கியின் குற்றத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் ஈடுசெய்யவேண்டும். 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தும். தெரிந்தவர் ஒருவரிடம் அவசரத்துக்குக் கடன் வாங்கி, பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் என்றே எழுதிக் கொடுத்து வந்தவருக்கு அந்த ஆணை எட்டாது. அவர் நீதிமன்றம் ஏறி, தாம் விற்கவில்லை என்பதைச் சாட்சிகளைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டும்.